ஒன்றரை மாத இருப்பு: மிஷனெரி சங்கத்தின் கணக்கைப் படிக்கும் முறை

மிஷனெரி சங்கங்களுக்கு மாதந்தோறும் காணிக்கை அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சங்கத்தின் கணக்கைப் படிப்பதே இல்லை. ஆண்டறிக்கை தபாலில் வரும். முன்பக்கங்களில் பணித்தளப் படங்கள், நடுவே சாட்சிகளும் ஜெபக்குறிப்புகளும், கடைசி இரண்டு பக்கங்களில் பொடி எழுத்தில் வரவும் செலவும். சாட்சியைப் படித்துக் கண்கலங்கியவர்கள் அந்த இரண்டு பக்கங்கள் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கமிட்டி உறுப்பினர்களிலும் பலர் அப்படித்தான். பொதுக்கூட்டத்தில் பொருளாளர் மொத்தத் தொகையை வாசிப்பார், ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்.

அந்த இரண்டு பக்கங்களையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இணைப்புகளையும் ஒரு சனிக்கிழமை மாலையில் படித்துவிடலாம். கணக்குப்பதிவியல் படித்திருக்கத் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும். தேட வேண்டியது ஒரே கேள்விக்கான விடை. நாளை முதல் புதிதாக ஒரு ரூபாய்கூட வராவிட்டால் இந்தச் சங்கம் தன் ஊழியர்களுக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கும்? மொத்த வருமானம் எவ்வளவு, எத்தனை மாநிலங்களில் வேலை, நிர்வாகச் செலவு நூற்றுக்கு எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு என்பவர்கள் உண்டு. பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் எந்த மனிதரிடமும் பணம் கேட்டதில்லை. ஆனால் வந்த காணிக்கைகளை அச்சிட்டு ஆண்டுதோறும் கணக்கு வெளியிட்டார். ஹட்சன் டெய்லர் 1865-ல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கியபோது முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பத்துப் பவுண்டு போட்டு மிஷன் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தது. நம் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேலும் பணத்துக்கென வேண்டுகோள் விடாத வழியிலேயே போனார். இவர்கள் மனிதரிடம் கேட்காமல் ஊழியம் செய்தார்கள், உண்மைதான். கணக்கைக் கேட்காதே என்று யாருக்கும் சொன்னதில்லை.

சரி, காகிதங்களிலிருந்து தொடங்குவோம். ஆண்டறிக்கையில் அச்சாகியிருப்பது சுருக்கம் மட்டுமே. சங்க அலுவலகத்துக்கு எழுதி, கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை இணைப்புகளோடு கேளுங்கள். ஓராண்டுக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தக் கட்டில் நான்கு இருக்கும்: ஆடிட்டரின் அறிக்கை, பெறுதல்கள் செலுத்தல்கள் கணக்கு, வருவாய் செலவினக் கணக்கு, மார்ச் 31 அன்றைய இருப்புநிலைக் குறிப்பு, அதாவது பேலன்ஸ் ஷீட். வெளிநாட்டுப் பணம் வாங்கும் சங்கமானால் எஃப்.சி.-4 என்ற ஆண்டுப் படிவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், டிசம்பர் 31-க்கு முன், அது மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் போயாக வேண்டும். முன்பெல்லாம் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே சங்கம் சங்கமாக எடுத்துப் பார்க்க முடிந்தது. 2022 ஜூலையில் அந்தத் தகவல்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே சங்கத்திடமே கேட்பதுதான் வழி.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவான சங்கம் ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பதிவாளர் அலுவலகக் கோப்பில் கிடக்கும் கணக்கைக் காணிக்கை கொடுக்கிறவருக்குக் காட்டமாட்டோம் என்று ஒரு சங்கம் சொன்னால், மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை. உங்கள் விடை கிடைத்துவிட்டது.

காகிதம் கைக்கு வந்ததும் தொகைக்குப் போகாதீர்கள். தலைப்பில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் ஒரு மிஷனெரி இயக்கம் பெரும்பாலும் ஒரே பெயரில் இருப்பதில்லை. ஊழியத்துக்கு ஒரு சங்கம், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒரு அறக்கட்டளை, சில இடங்களில் நிலம் வைத்துக்கொள்ள இன்னொன்று. இதில் தவறாக எண்ண ஒன்றுமில்லை. வரிச் சட்டமே அப்படிப் பிரிக்க வைக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அனுமதி வேண்டுமானால் அந்த அமைப்பின் மதச் செலவு அதன் வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சுவிசேஷ ஊழியமே முழுவேலையாக உள்ள சங்கத்துக்கு அது கிடைக்காது. எனவே சமூகப்பணிக்குத் தனி அறக்கட்டளை. (2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. நீங்கள் புரட்டும் பழைய கணக்குகளில் பழைய எண்களே இருக்கும்.) நீங்கள் செய்ய வேண்டியது, எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, யார் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. சங்கத்தின் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் ‘அறக்கட்டளையிடமிருந்து வரவேண்டியது’ என்று ஒரு தொகை மூன்று ஆண்டும் குறையாமல் நின்றால், அது பணமல்ல. பள்ளிக் கட்டடமாகிச் சுவரேறிவிட்ட தொகை.

இப்போது பேலன்ஸ் ஷீட். ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஊழியர்கள் 120 பேர். சம்பளம், பயணம், பணித்தள வாடகை, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் எல்லாம் சேர்ந்து மாதச் செலவு 30 லட்சம் ரூபாய். பேலன்ஸ் ஷீட்டில் நிலமும் கட்டடமும் 5 கோடி, வங்கி இருப்பும் வைப்புத்தொகையுமாக 3 கோடி. பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்பவருக்கு எட்டுக் கோடி ரூபாய்ச் சங்கம் என்று தோன்றும். நிலத்தை உடனே அடித்துவிடுங்கள்; நிலம் சம்பளம் கொடுக்காது, மிஷன் நிலத்தை விற்பதும் லேசுப்பட்ட காரியமல்ல. மிச்சம் 3 கோடி. பத்து மாதச் செலவு கையில் இருக்கிறதே என்று பொருளாளர் சொல்லக்கூடும்.

அவர் சொல்வதை நம்புவதற்கு முன் இடப்பக்கம், பொறுப்புகள் பக்கம் போங்கள். அங்கே முதலில் மூலநிதி என்றோ கார்பஸ் என்றோ இருக்கும். வட்டியை மட்டும் எடுத்துக்கொள், முதலைத் தொடாதே என்று கொடுத்த பணம். நம் சங்கத்தில் அது 1 கோடியே 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே குறித்துத் தந்த காணிக்கைகளில் செலவாகாத மீதி: விடுதிக் கட்டடத்துக்கு 70 லட்சம், வேதாகம மொழிபெயர்ப்புக்கு 25 லட்சம், ஊழியர் மருத்துவ நிதி 15 லட்சம். ஆக 1 கோடியே 10 லட்சம். அதற்கும் கீழே ஊழியர்களுக்கான பணிக்கொடை, வருங்கால வைப்புநிதிப் பாக்கி என 35 லட்சம். மூன்று கோடியிலிருந்து இந்த மூன்றையும் கழித்தால் நிற்பது 45 லட்சம். அதை 30 லட்சத்தால் வகுத்தால் ஒன்றரை.

எட்டுக் கோடி என்று பேசப்படும் சங்கத்தின் கையிருப்பு ஒன்றரை மாதம். இதுதான் அந்தச் சனிக்கிழமை மாலையின் முக்கால் பங்கு வேலை. மூன்று ஆண்டுக்கும் இந்த வகுத்தலைச் செய்து, மூன்று எண்களை அடுத்தடுத்து எழுதுங்கள். நான்கு, மூன்று, ஒன்றரை என்று இறங்கினால், மேடையில் என்ன சொன்னாலும் அந்தச் சங்கம் தேய்ந்துகொண்டிருக்கிறது.

இருக்கும் பணத்தைச் சரியாகப் பிரித்துக் காட்டாத கணக்குகளும் உண்டு. எல்லாவற்றையும் ‘பொது நிதி’ என்ற ஒற்றை வரியில் கொட்டியிருப்பார்கள். அப்போது இணைப்புகளில் தேட வேண்டும்; இணைப்பிலும் இல்லையென்றால் எழுத்தில் கேட்க வேண்டும். இதில் தாட்சணியம் பார்க்கக் கூடாது. குறித்துத் தந்த பணமும் பொதுப்பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து கிடந்தால், சம்பளத்துக்குத் தட்டுப்படும் மாதத்தில் விடுதிக் கட்டடப் பணத்திலிருந்து எடுப்பார்கள். அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தில்தான் எடுப்பார்கள். அடுத்த மாதமும் தட்டுப்பாடாகத்தான் இருக்கும்.

குறித்துக் கொடுப்பது மிஷன் வேலையில் மிகப் பழைய வழக்கம். தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்குவின் மிஷனுக்கு மூன்று திசைகளிலிருந்து உதவி வந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அரசுப் பணத்திலிருந்து கொடுத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் போதகர் பிராங்கேயின் நண்பர்கள் கொடுத்தார்கள். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் அச்சு வேலைக்கென்று இயந்திரமும் காகிதமும் அனுப்பியது. ஹாலேயிலிருந்து 1710 முதல் அச்சாகிய மிஷன் அறிக்கைகள் கொடுத்தவர்களுக்குச் செய்தி சொன்னதோடு அடுத்த காணிக்கைக்கும் வழி திறந்தன. இன்று நம் வீட்டுக்கு வரும் ஆண்டறிக்கையின் மூதாதை அதுதான். கணக்குப் பக்கங்களைத் தள்ளிவிட்டுச் சாட்சியை மட்டும் படிக்கும் வாசகரும் அப்போதே இருந்திருப்பார்.

குறித்துத் தந்த பணத்தைச் சரியாக வைக்காதபோது என்னவாகும் என்பதற்கு அண்மைக் காலத்தின் பெரிய உதாரணம் காஸ்பல் ஃபார் ஏசியா. கேரளத்துக்காரரான கே.பி. யோகன்னான் தொடங்கி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, இந்தியாவில் திருவல்லாவை மையமாக வைத்து இயங்கிய அமைப்பு. களத்துக்கென்று நீங்கள் தரும் பணம் நூற்றுக்கு நூறும் களத்துக்கே போகும் என்பது அதன் வாக்கு. 2015 அக்டோபரில், அமெரிக்கச் சுவிசேஷ அமைப்புகளின் நிதி ஒழுங்கைக் கண்காணிக்கும் குழுமம் அதன் உறுப்பினர் தகுதியை முடித்துவிட்டது. குறித்த நோக்கத்துக்கு வந்த பெருந்தொகை செலவாகாமல் நீண்ட காலம் கிடந்தது. ஏறத்தாழ 2 கோடி டாலர் இந்தியப் பக்கத்திலிருந்து திரும்பி டெக்சாஸ் தலைமையகக் கட்டடத்துக்குப் போயிருந்தது. இவையும் அந்தக் குழுமத்தின் ஆட்சேபங்களில் இருந்தன. 2016-ல் ஆர்கன்சாவில் காணிக்கை கொடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் 3 கோடியே 70 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. குற்றத்தை அமைப்பு ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த விவகாரத்தில் நம் வேலைக்கு உதவுவது ஒன்று உண்டு. அமெரிக்காவில் கேள்வி எழுப்பியவர்கள் ரகசிய ஆவணம் எதையும் தேடிப் போகவில்லை. அங்கே கொடுத்தவர்களுக்குச் சொல்லப்பட்டதையும், இந்திய அரசிடம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி தாக்கலான ஆண்டுப் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆகவே அந்தப் படிவம் கையில் கிடைத்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். ஆண்டறிக்கையில் ‘கிணறு தோண்ட’ என்று எவ்வளவு வந்ததாகச் சொல்கிறார்கள், படிவத்தில் கிணற்றுக்கு எவ்வளவு செலவு, மீதி எந்தத் தலைப்பில் நிற்கிறது? இந்த மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது வருவாய் செலவினக் கணக்கு. இதன் கடைசி வரியில் உபரி என்று போட்டிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. அவசரப்பட வேண்டாம். நம் கற்பனைச் சங்கத்துக்கு அந்த ஆண்டு விடுதிக் கட்டடத்துக்கென 70 லட்சம் வந்தது அல்லவா? அதையும் வருவாயில் சேர்த்துவிட்டு 40 லட்சம் உபரி காட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். விடுதிப் பணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 30 லட்சம் பற்றாக்குறை. ஒரு மாதச் செலவுக்குச் சமமான துண்டு விழுந்த ஆண்டை வெற்றி ஆண்டு என்று கொண்டாடியிருப்பார்கள். மூன்று ஆண்டும் பொதுப்பணத்தை மட்டும் தனியே கூட்டிக் கழித்துப் பார்ப்பதுதான் சரி.

இந்தப் பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது? நான் பார்த்தவரை, மோசடியைவிட ஓர் அட்டையிலிருந்துதான் அதிகம் வருகிறது. ‘ஒரு மிஷனெரியைத் தாங்க மாதம் இவ்வளவு’ என்று சங்கங்கள் கொடுக்கும் அட்டை. அதிலுள்ள தொகையை ஏற்றினால் தாங்குகிறவர்கள் விலகிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆண்டுக்கணக்கில் அதைத் தொடமாட்டார்கள். நம் சங்கத்தில் ஓர் ஊழியருக்கு ஆகும் செலவு மாதம் 25 ஆயிரம். அட்டையில் 12 ஆயிரம். 120 பேருக்கும் தாங்குகிற குடும்பம் கிடைத்து, எல்லோரும் மாதம் தவறாமல் அனுப்பினாலும்கூட மாதம் 15 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் பொதுநிதியிலிருந்து போக வேண்டும். தாங்குகிற வீட்டாரோ தங்கள் மிஷனெரியை முழுக்கத் தாங்குவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். சத்தீஸ்கரிலோ ஜார்க்கண்டிலோ உள்ள ஊழியரின் பிள்ளைகளைத் தமிழ்நாட்டு விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கும் செலவு அந்த 12 ஆயிரத்தில் அடங்காது. அட்டைத் தொகை கடைசியாக எந்த ஆண்டு மாறியது, உண்மைச் செலவு எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். நேர்மையான சங்கம் அட்டையிலேயே இரண்டையும் அச்சிடும்.

வரவு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. இதில் தொகையைவிட எண்ணிக்கை பெரிது. ஐந்து கோடி ரூபாயை ஐந்து பேர் கொடுப்பதும் ஐம்பதாயிரம் பேர் கொடுப்பதும் ஒன்றல்ல. 1903-ல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதைக் கொள்கையாக வைத்தார்கள். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது அந்தச் சங்கம். அப்பணத்தில் பெரும் பணக்காரர் பங்கைவிடக் கிராமத்துச் சபைகளின் பங்கே முக்கியம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கை நம் சபைகளிலும் உண்டு. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் 1910-ல் தொடங்கி, நூறாண்டு கடந்தும் மிஷனெரிகளை அனுப்ப அதையே பெரிய வருமானமாக வைத்திருக்கிறார்கள். பிடியரிசியை ஒரு கையெழுத்தில் யாரும் நிறுத்திவிட முடியாது.

ஒரு கையெழுத்தில் நின்றுபோன பணத்தையும் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவின் கம்பேஷன் இன்டர்நேஷனல் 48 ஆண்டுகள் இந்தியாவில் வேலை செய்து, ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளுக்கு உதவிவந்த நிலையில், அரசின் முன் அனுமதியில்லாமல் பணம் அனுப்ப முடியாத பட்டியலில் சேர்க்கப்பட்டு 2017 மார்ச்சில் வெளியேறியது. அந்த ஒரே ஊற்றை நம்பியிருந்த மையங்கள் அத்தோடு வறண்டன. 2021 டிசம்பர் 25 அன்று, அன்னை தெரசாவின் பிறரன்புப் பணியாளர் சபையின் வெளிநாட்டு நன்கொடை அனுமதியைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சகம் மறுத்தது. இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட நாளில் ஒடிசாவின் அன்றைய முதல்வர் நவீன் பட்நாயக் தம் நிவாரண நிதியிலிருந்து ஏறத்தாழ 79 லட்சம் ரூபாயை அந்த மாநிலத்து இல்லங்களுக்கு ஒதுக்கினார். அத்தனை பேர்பெற்ற சபைக்கே அப்படி. உங்கள் சங்கத்துக்கு எந்த முதல்வர் வருவார்?

வெளிநாட்டுப் பணம் வரும் சங்கமானால் மூன்றை மட்டும் பாருங்கள். மூன்றும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வந்தவை. பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் உள்ள கணக்குக்கு வர வேண்டும். வந்ததை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. சின்னச் சின்னப் பணித்தள அமைப்புகளைப் பெரிய சங்கங்கள் தாங்கிவந்த பழைய ஏற்பாடு இதோடு முடிந்தது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. முன்பு 50 வரை இருந்தது.

நிர்வாகச் செலவு என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஐந்து விழுக்காடுதான் என்றால் கைதட்டல். எனக்கு அந்த எண்ணில் பெரிய மதிப்பில்லை. சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை வைத்தே அது ஏறும், இறங்கும். பொதுச்செயலாளரின் சம்பளத்தைப் ‘பணித்தள மேற்பார்வை’யில் போட்டுவிட்டால் விழுக்காடு பாதியாகிவிடும். கணக்காளர் ஒருவரை நியாயமான சம்பளத்தில் வைத்துக்கொள்ளாமல், ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவரை வைத்து ஓட்டும் சங்கம் நிர்வாகச் செலவைக் குறைத்ததாகப் பெருமைப்படும். மூன்றாண்டுக்குப் பிறகு அனாமத்துக் கணக்கில் ஒரு தொகை எதற்கென்று யாருக்கும் தெரியாமல் நிற்கும்.

ஊழியருக்கான பாக்கியைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். பொறுப்புகள் பக்கத்தில் ‘கொடுபடவேண்டிய சம்பளம்’ என்ற வரியைத் தேடுங்கள். மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில் தருவது வழக்கமாக இருக்கலாம். அதனால் ஒரு மாதத் தொகை அங்கே நின்றால் குறைசொல்ல முடியாது. இரண்டரை மாதத் தொகை நின்றால், பிப்ரவரிக்கும் முன்பிருந்தே சிலருக்குச் சம்பளம் போகவில்லை என்று பொருள். மிஷனெரிகள் இதைத் தாங்குகிறவர்களுக்கு எழுதமாட்டார்கள். மேடையிலும் சொல்லமாட்டார்கள். பேலன்ஸ் ஷீட் மட்டும் சொல்லும்.

பணிக்கொடையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான சூத்திரம், மாதத்தை 26 நாளாக வைத்து, ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம். கடைசிச் சம்பளம் 18 ஆயிரம், இருபது ஆண்டு ஊழியம் என்றால் ஒருவருக்கே ஏறத்தாழ 2 லட்சத்து 8 ஆயிரம். 1990-களில் உற்சாகமாக ஆளெடுத்த சங்கங்களில் அந்தத் தலைமுறை இப்போது ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது. நம் கற்பனைச் சங்கத்தில் 40 பேர் இந்த நிலையில் இருந்தால் 83 லட்சம் வேண்டும். அது ஒதுக்கி வைத்திருப்பதோ வைப்புநிதிப் பாக்கியையும் சேர்த்து 35 லட்சம். அப்படியானால் கையில் இருப்பதாகக் கண்ட அந்த 45 லட்சமும் உண்மையில் இல்லை. எங்கள் ஆட்கள் ஊழியக்காரர்கள், வேலையாட்கள் அல்லர், பணிக்கொடை பொருந்தாது என்று சில சங்கங்கள் சொல்லும். வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் முப்பது ஆண்டு இருந்துவிட்டு, சொந்த வீடும் இல்லாமல் திரும்பும் அறுபது வயதுக்காரரிடம் சொல்ல அது ஒரு பதிலா?

சேமித்து வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பது பொருளாளர்கள் சொல்லும் இன்னொரு பதில். பாதிதான் உண்மை. வரிவிலக்குப் பெற்ற அமைப்பு ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அதன் நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். மீதி 15 விழுக்காட்டை எந்தக் காரணமும் சொல்லாமல் ஒதுக்கி வைக்கலாம். குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்று எழுதிக் கொடுத்தால் அதற்கு மேலும் ஐந்தாண்டு வரை சேர்த்து வைக்க வழியுண்டு. 15 விழுக்காடு என்பது ஒரு மாதமும் இருபத்துநான்கு நாளும். நான்காண்டு ஒழுங்காக ஒதுக்கினால் ஆறு மாதச் செலவுக்கு மேல் கையில் நிற்கும். செய்யாததற்குக் காரணம் சட்டமல்ல. மார்ச் மாதத்தில் பணம் மிஞ்சினால் புதுப் பணித்தளம் திறந்துவிடும் ஆர்வம்தான். திறப்பு விழாவுக்குக் காணிக்கை வரும். இருப்பு நிதிக்கு வராது.

ஆடிட்டர் அறிக்கையைக் கடைசியில் படித்தால் போதும். ‘உண்மையும் நியாயமுமான’ என்ற வழக்கமான வாசகத்துக்கு முன்பு ‘கீழ்க்கண்டவற்றுக்கு உட்பட்டு’ என்று ஏதாவது வந்தால் அங்கே நில்லுங்கள். பணித்தள முன்பணங்களுக்கு ரசீது வரவில்லை, வைப்புத்தொகைக்கு வங்கிச் சான்று கிடைக்கவில்லை என்பவை மூன்று ஆண்டும் ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால் கமிட்டியில் யாரும் அதைப் படிக்கவில்லை என்றாகிறது. ஆடிட்டர் கமிட்டி உறுப்பினருக்கு உறவினரா என்றும் விசாரியுங்கள். எங்கள் பக்கத்தில் அது அபூர்வமல்ல.

எல்லாம் முடிந்த பிறகு உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்: மூன்று ஆண்டுக்கான மாத இருப்பு, பொதுப்பணத்தின் உபரி அல்லது துண்டு, செலவாகாத குறித்த காணிக்கை, ஊழியர் பாக்கி. என் அளவுகோல் இது. மூன்று மாதத்துக்குக் கீழே இருப்பு இருந்தால் அந்தச் சங்கம் புது ஆள் எடுக்கக் கூடாது, புதுப் பணித்தளம் திறக்கக் கூடாது. ஆறு மாதம் இருந்தால் நல்லது. ஊழியர்களுக்குப் பாக்கி வைத்துக்கொண்டு இரண்டாண்டுச் செலவைத் தேக்கி வைத்திருந்தால் அதுவும் நோய்தான்.

ஒன்றரை மாத இருப்புள்ள சங்கத்துக்குக் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம், நிறுத்தினால் முதலில் அடிபடுவது பணித்தளத்தில் இருப்பவர். இதுவரை குறித்துக் கொடுத்ததில் ஒரு பங்கை இனிக் குறிக்காமல் பொதுநிதிக்குக் கொடுங்கள். கூடவே பொருளாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூன்றே கேள்விகள்: குறித்த காணிக்கைகளின் மீதி தனி வங்கிக் கணக்கில் இருக்கிறதா? ஊழியர்களுக்கு இன்றைய தேதியில் எவ்வளவு பாக்கி? இருப்பை ஆறு மாதத்துக்கு உயர்த்த எந்த ஆண்டுக்குள் என்ன திட்டம்? பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டால் அவமானப்படுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.